சிவந்த உடம்பும் கறுத்த உடம்பும்

கறுப்புச் செட்டை. முன் செட்டையில் வெள்ளைப் பட்டி, பின் செட்டையில் இரத்தச் சிவப்புப் பொட்டுகள், கீழே சின்னதாய் வால். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வண்ணாத்திப்பூச்சி பறந்தால் அது இரண்டு இனங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று நஞ்சுள்ளது. மற்றது நஞ்சில்லாதது, ஆனால் நஞ்சுள்ளதன் உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறது. தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் பார்த்தால் ஒரே ஒரு இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தைச் சொல்லித்தரத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு ஆரையம்பதியில் கன்று வளர்த்து விற்கிறவள். தேசி, தோடை, கறிவேப்பிலை, மாதுளை, வெட்சி, செவ்வரத்தை. கடற்கரை மணலில் மாட்டெருவும் தென்னந்தும்பும் கலந்து பைகளில் நிரப்பி, நிழல்வலைக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறேன். மாரி மழை ஓய்ந்து தை மாதம் வெயில் ஏறத் தொடங்கியதும் வாசலில் நிற்கும் சிவப்பு வெட்சிக்கு இந்தக் கறுப்புப் பூச்சிகள் வந்துவிடும். கன்று வாங்க வருகிறவர்கள் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள், பெயர் கேட்பார்கள். "பொறுங்க, உடம்பப் பாத்துட்டுச் சொல்றன்" என்பதுதான் எப்போதும் என் பதில்.

நஞ்சுள்ளவளிடமிருந்து தொடங்குகிறேன். கிரிம்சன் ரோஸ் என்று பெயர், விஞ்ஞானப் பெயர் பாக்லியோப்டா ஹெக்டர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது. செட்டை விரித்தால் ஒன்பது முதல் பதினொரு சென்ரிமீற்றர் வரும். முன் செட்டையின் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டி சாய்வாக ஓடும், நுனிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைப் பட்டி. இரண்டும் இடையிடையே கறுப்பு நரம்பு வெட்டித் துண்டு துண்டாகத் தெரியும். பின் செட்டையில் வெள்ளையே கிடையாது. ஓரத்தோடு பிறை வடிவில் ஒரு வரிசைச் சிவப்பு, அதற்கு உள்ளே இன்னொரு வரிசை. ஆணில் அந்தச் சிவப்பு பளீரென்று இருக்கும், பெண்ணில் கொஞ்சம் மங்கல்.

இனி உடம்பு. தலை சிவப்பு. நெஞ்சின் பக்கவாட்டு சிவப்பு. வயிறு நல்ல சிவப்பு, பழுத்த மிளகாயின் நிறம். முதுகின் மேற்புறத்தில் மட்டும் கறுப்பு. செட்டையை மடித்துக்கொண்டு இருந்தாலும் விரித்துக்கொண்டு இருந்தாலும் இந்தச் சிவப்பு மறையாது. வெட்சிக் கொத்தில் தேன் குடிக்கும்போது பாருங்கள்: பின் செட்டை பெரும்பாலும் அசையாமல் இருக்க, முன் செட்டை மட்டும் விடாமல் படபடத்துக்கொண்டே இருக்கும். படம் பிடிக்கிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. ஆனால் அந்தப் படபடப்புக்கு நடுவில் உடம்பு ஓரிடத்தில் நிற்பதால் சிவப்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பறப்பதிலும் அவசரமே இல்லை. கரிச்சான் வயர்க் கம்பியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, அதன் முன்னாலேயே ஆடி அசைந்து போகும். அதற்குப் பயமில்லை. கரிச்சானும் பேசாமல் இருக்கும்.

இப்போது அடுத்தவள். காமன் மோர்மன், பாப்பிலியோ பொலிற்றஸ். இந்த இனத்தின் பெண் மூன்று விதமாகப் பிறக்கும். அதில் ரோமுலஸ் என்று சொல்லப்படும் வடிவம்தான் கிரிம்சன் ரோஸைப் பார்த்து உடுத்துக்கொண்டது. முன் செட்டையில் வெள்ளை இருக்கிறது, பின் செட்டையில் சிவப்புப் பொட்டு இருக்கிறது, வாலும் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளை விளிம்பு கலைந்து புகைபடிந்த மாதிரி இருக்கும். சிவப்பும் சற்று மட்டம்தான். இதெல்லாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தனியாக ஒன்று பறந்து வந்தால் குழப்பம் வரும். அப்போது உடம்பைப் பாருங்கள். கறுப்பு. தலையிலும் நெஞ்சிலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், மற்றபடி முழுக்கக் கறுப்பு. செட்டை வரைக்கும் நகல் எடுத்தவளுக்கு உடம்பின் சிவப்பு மட்டும் கைகூடவில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு, கிட்டப் போனால்தான் பயன்படும். உங்கள் நிழல் பட்டால் கிரிம்சன் ரோஸ் பக்கத்துக் கொத்துக்கு மாறும், அவ்வளவுதான். மோர்மன் அப்படியில்லை. சாதாரணமாகப் பறக்கும்போது நஞ்சுள்ளவளைப் போல ஆறுதலாகப் போகும். வெருண்டால் அந்த நடை எல்லாம் மறந்து ஒரே வீச்சில் கூரைக்கு மேலால் ஓடிவிடும்.

எங்கே முட்டையிடுகிறது என்று பார்த்தால் சந்தேகமே வராது. மோர்மன் பெண் என் கறிவேப்பிலைக் கன்றுகளுக்குத்தான் வருவாள். இலைக்கு மேல் செட்டையை அடித்துக்கொண்டே நின்று முன்காலால் இலையைத் தட்டுவாள். வண்ணாத்திப்பூச்சிக்குக் காலில் சுவை தெரியும். இது கறிவேப்பிலையா, தேசியா, வில்வமா, குருந்தா என்று அப்படித்தான் அறிந்துகொள்கிறாள். சரி என்று பட்டால் வயிற்றை வளைத்து, கொழுந்தில் வெளிர்மஞ்சளாய் ஒரு உருண்டை முட்டை. உடனே எழும்பி அடுத்த கன்று. கிரிம்சன் ரோஸ் இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காது. அது தேடுவது ஒரே ஒரு கொடியை: ஈச்சுரமூலி.

இந்தக் கொடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அரிஸ்டோலோக்கியா இண்டிக்கா. ஈஸ்வரமூலி என்றும் பெருமருந்து என்றும் சொல்வார்கள். வேலியில் தானாக ஏறும் மெல்லிய கொடி, அடியில் தண்டு கட்டை பாயும். இலை ஒரே கொடியில் பல வடிவத்தில் வரும், சிலது நீட்டாக, சிலது இடுப்பு ஒடுங்கி. பூ சின்னக் குழாய், வெளிர் பச்சை, வாய்ப்பக்கம் கருஞ்சிவப்பு. காய் காய்ந்தால் அடியிலிருந்து ஆறாக வெடித்து, காம்பும் நூல் நூலாகப் பிரிந்து, அடுப்படியில் தொங்குகிற உறி போலவே தொங்கும். உள்ளே மெல்லிய தட்டை விதைகள் அடுக்கடுக்காக இருக்கும், காற்றடித்தால் பறக்கும்.

இந்தக் கொடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. மற்றப் புழுக்கள் பலதும் ஆடும் மாடும் ஒதுங்கிப் போகிற இலையை கிரிம்சன் ரோஸின் புழு ஆசையாகத் தின்னும். தின்ற நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்து, கூட்டுப்புழுவாகி, செட்டை முளைத்துப் பறக்கும்போதும் கூடவே கொண்டுபோகும். அனுபவமில்லாத குருவி ஒன்று கொத்தினால் வாய் எரிந்து துப்பும். அதற்குப் பிறகு சிவப்பும் கறுப்பும் கண்டாலே விலகிவிடும். கிரிம்சன் ரோஸின் உடம்புத் தோலும் தடித்தது, ஒரு கொத்து வாங்கியும் உயிர் தப்பிப் பறக்கும். உடம்பெல்லாம் சிவந்திருப்பது அந்த நஞ்சை ஊருக்கு அறிவிக்கத்தான்.

முன்பு எங்கள் பகுதியில் பரிசாரியார் வீட்டு வேலியில் இந்தக் கொடி கட்டாயம் நிற்கும். விசகடிக்கு, வயிற்றுக்கு, காய்ச்சலுக்கு என்று வேரை இடித்துக் கொடுப்பார்கள். அவர்கள் மீது எனக்கு நிறைய மரியாதை உண்டு, என்றாலும் இந்த ஒரு விடயத்தில் கடுமையாகவே சொல்கிறேன்: இதை உள்ளுக்குக் குடிக்காதீர்கள். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடம்பு மெலிவதற்கென்று மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் இதே குடும்பத்துச் செடி கலந்திருந்தது. பின்னால் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. பாம்பு கடித்தால் நேரே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். கொடி பூச்சிக்கு இருக்கட்டும்.

நான் ஈச்சுரமூலிக் கன்றும் விற்கிறேன். வாங்குகிறவரிடம் இதைச் சொல்லாமல் ஒரு கன்றும் என் படலையைத் தாண்டாது.

இப்போது கொடி குறைந்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு மதில் வந்தது. கிளுவை வேலி, பூவரசு வேலி எல்லாம் போனது. மதிலில் ஈச்சுரமூலி ஏறாது, ஏறினாலும் சுத்தம் பண்ணுகிறோம் என்று பிடுங்கிவிடுவார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கமெல்லாம் இன்னும் வேலி இருக்கிறது, பற்றை இருக்கிறது. மண்முனைப் பாலம் தாண்டிப் போனால் வீதியோரத்திலேயே கிரிம்சன் ரோஸைக் காணலாம். எங்கள் பக்கமான எழுவான்கரைக் கடலோரத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டும். மதில் வேண்டாம் என்று யாரிடமும் சொல்லமுடியாது. ஆனால் மதிலோடு ஒரு கம்பி வலைத்துண்டு சாத்தி ஒரு கொடி விடலாம், அதற்கு இடம் இல்லாத வளவே இல்லை.

புழுக்களிலும் வேறுபாடு தெளிவு. கிரிம்சன் ரோஸின் புழு கருஞ்சிவப்பு கலந்த கறுப்பு, உடம்பெல்லாம் செம்மஞ்சள் நுனியோடு சதை முள்ளுகள். பார்க்கப் பயங்கரம், தொட்டால் ஒன்றும் செய்யாது. மோர்மனின் புழு சின்னதாக இருக்கும்போது குருவி எச்சம் மாதிரி, கபிலமும் வெள்ளையும். இலையில் கிடந்தால் யாரும் இரண்டாம் தரம் பார்க்கமாட்டார்கள். பெருத்ததும் பச்சையாகிவிடும், நெஞ்சுப் பக்கத்தில் கண் வரைந்த மாதிரிப் புள்ளி, பக்கவாட்டில் சாய்வுப் பட்டி. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிரிந்த ஒரு சிவப்புக் கொம்பை வெளியே நீட்டும். கூடவே அழுகின தேசிக்காய் மணம். எறும்பும் சின்னக் குளவியும் அதற்குப் பயந்து ஓடும்.

இந்தப் பச்சைப் புழுதான் என் தொழிலுக்கு எதிரி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். காத்தான்குடியிலிருந்து மொத்தமாகத் தேசிக் கன்று எடுக்கிற ஒரு முஸ்லிம் அண்ணன் இருக்கிறார், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். போன மாரியில் வந்தபோது ஒரு கன்றில் இலையில்லாமல் ஈர்க்கு மட்டும் நின்றது.

"தங்கச்சி, இதுக்கு மருந்தடிக்கிற இல்லையா?"

"இல்ல காக்கா. பொறுக்கி அங்க விடுவன்," என்று மூலையில் நிற்கிற கறிவேப்பிலை மரத்தைக் காட்டினேன்.

"அந்த மரம் பட்டுப் போகாதா?"

"ஒவ்வொரு மாரிக்கும் மொட்டையாகும். பிறகு முந்தினதை விட அடர்ந்து வரும். வாருங்க, வந்து பாருங்க."

வந்து பார்த்தார். புழு ஒன்று கொம்பை நீட்டியதும் பின்னுக்குப் பாய்ந்து, அப்புறம் குனிந்து நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை வரும்போது பேரனையும் கூட்டிவந்தார்.

விளைந்த தேசி மரத்துக்கு இந்தப் புழுவால் பெரிய நட்டமில்லை. பையில் நிற்கிற இளங்கன்றுக்குத்தான் ஆபத்து, பத்து இலை இருக்கிற கன்றில் ஒரு பெருத்த புழு இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடும். காலையில் தண்ணீர் விடும்போது கொழுந்தைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினால் போதும். மருந்து அடித்தால் புழுவோடு குளவியும் சிலந்தியும் சேர்ந்து சாகும், பிறகு வெள்ளை மூட்டுப்பூச்சி வந்து நிற்கும். இது என் கன்றுகளில் நான் கண்டது.

சரி, மூன்றாவது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காமன் ரோஸ் என்று இன்னொரு நஞ்சுப் பூச்சி இருக்கிறது, கிரிம்சன் ரோஸின் நெருங்கிய உறவு, அதுவும் ஈச்சுரமூலியில் வளர்வதுதான். அதன் பின் செட்டை நடுவில் பெரிய வெள்ளைத் திட்டு, உடம்பில் சிவப்பு. புழுவின் நடு உடம்பிலும் ஒரு வெள்ளைப் பட்டி குறுக்கே ஓடும், கிரிம்சன் ரோஸின் புழுவுக்கு அது இல்லை. மோர்மன் பெண்ணின் இரண்டாவது வடிவமான ஸ்டிகியஸ், இந்தக் காமன் ரோஸைப் பார்த்து உடுத்தது. இந்த நகல் ரோமுலஸை விடத் திறம், நானே சிலவேளை நின்று பார்க்கவேண்டியிருக்கும். அதிலும் உடம்பு கறுப்புத்தான். மூன்றாவது வடிவம் சைரஸ், அது ஆணைப் போலவே இருக்கும்: கறுப்புச் செட்டை, பின் செட்டையில் குறுக்கே ஒரு வரிசை வெள்ளைப் பொட்டு. பெண் என்றால் அதோடு ஓரத்தில் சிவப்புப் பிறைகளும் தெளிவாக இருக்கும். ஆணுக்கு எப்போதும் இந்த ஒரு உடுப்புத்தான். நஞ்சுள்ளவளைப் போல உடுக்கிற ஆண் மோர்மன் கிடையாது.

இதனால்தான் ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே இவற்றை வெவ்வேறு இனம் என்று எழுதினார்கள். 1758இல் லின்னேயஸ் பெண்ணுக்குப் பொலிற்றஸ் என்றும் ஆணுக்குப் பம்மன் என்றும் தனித்தனி இனப்பெயர் வைத்தார். வேறு வேறாக எழுதப்பட்டவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும்தான் என்பதை 1865இல் அல்பிரட் ரஸல் வொலஸ் தன் கட்டுரையில் விளக்கினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தப் பூச்சியின் மூன்று வடிவமும் தாயிலிருந்து மகளுக்கு எப்படிப் போகிறது என்ற ஆய்வு நம்முடைய இலங்கையிலேயே நடந்தது. ஃப்ரையர் என்ற ஆங்கிலேயர் இங்கே தலைமுறை தலைமுறையாக மோர்மனை வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த வடிவ மகள்கள் பிறந்தார்கள் என்று குறித்துவைத்து 1913இல் வெளியிட்டார். ஆணைப் போன்ற வடிவம் ஒடுங்கிய பண்பு, நகல் வடிவங்கள் ஆட்சியுடையவை என்று தெரிந்தது. ஆட்சியுடையது தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே மகளில் தெரியும், ஒடுங்கியது இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். ஆண் தான் அந்த உடுப்பைப் போடாவிட்டாலும் அதற்கான பண்பைத் தன் மகள்களுக்குக் கொடுப்பான் என்பதும் தெரிந்தது. நூறு வருசம் கழித்து, 2014இல், அந்தப் பண்பு இருக்கிற இடத்தையும் கண்டுபிடித்தார்கள்: டபிள்செக்ஸ் என்ற ஒரே ஒரு மரபணு. பூச்சி ஆணாக வளர்வதா பெண்ணாக வளர்வதா என்பதில் வேலை செய்கிற அதே மரபணுவுக்குள்தான் இந்த உடுப்பும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற என் தம்பியின் மகன் இதைக் கேட்டுவிட்டு, "மாமி, அப்ப ஏன் எல்லாப் பொம்பளப் பூச்சியும் இப்படி மாறேல்ல?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நஞ்சில்லாதவர்கள் கூடிப்போய் நஞ்சுள்ளவர்கள் குறைந்தால், குருவி கொத்துகிறதெல்லாம் ருசியாகவே இருக்கும். பிறகு அந்தச் சிவப்புக்கு யார் பயப்படுவார்கள்? நகல் பிழைக்க அசல் பக்கத்திலேயே பறந்துகொண்டிருக்க வேண்டும். ஈச்சுரமூலியைப் பிடுங்கினால் அதைத் தொடவே தொடாத மோர்மனுக்கும் அடி விழும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சிலர் கிரிம்சன் ரோஸைப் பார்த்து இதுதானே தேசிய வண்ணத்துப்பூச்சி என்பார்கள். அது வேறு. இலங்கையில் மட்டும் இருக்கிற பேர்ட்விங், நாட்டிலேயே பெரியது, பின் செட்டையில் பளிச்சென்ற மஞ்சள். ஈர வலயக் காட்டுப் பக்கம் போனால்தான் நன்றாகப் பார்க்கலாம். அதன் புழுவுக்கும் இதே கொடிக் குடும்பம்தான் சாப்பாடு.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குப் பிறகு, வெயில் சுட முதல் வாருங்கள். வெட்சி, நாயுண்ணி இரண்டிலும் வரும். செட்டையைப் படம் பிடிக்க முனையாமல் பக்கவாட்டில் நின்று உடம்பு தெரியப் பிடியுங்கள், செட்டை கலங்கினாலும் பரவாயில்லை, இனம் சொல்ல அது போதும். பொழுது சாய்கிற நேரத்தில் கிரிம்சன் ரோஸ்கள் ஒரே கிளையில் பல சேர்ந்து தூங்க இறங்கும், அப்போது கிட்டப் போய்ப் பார்க்கலாம். கச்சான் காற்றுக் காலத்தில் வந்து ஒன்றுமில்லை என்று திரும்பாதீர்கள், ஆனி ஆடியில் இங்கே பூச்சி குறைவு.

இந்த வருசம் ஃப்ரையர் செய்ததை என் வளவில் சின்னதாகச் செய்து பார்க்கிறேன். கறிவேப்பிலையில் முட்டையிட்ட ஒரு ரோமுலஸ் பெண்ணைக் கண்ணெடுக்காமல் பார்த்திருந்து, அவள் இட்ட முட்டைகள் இருந்த கன்றுகளை மட்டும் வேறாக எடுத்து, நுளம்பு வலைக்குள் வைத்தேன். இலையோடு ஒட்டிக் கூடு கட்டியது பச்சை, தடியில் கட்டியது கபிலம். முதலில் வந்தவை எல்லாம் ஆண்கள். நேற்று ஒரு மகள் வந்தாள், தாயைப் போலவே ரோமுலஸ். இன்று காலை வந்தவளின் பின் செட்டையில் சிவப்புப் பிறைகளும், குறுக்கே ஒரு வரிசை வெள்ளைப் பொட்டும் இருந்தன: சைரஸ். ஆட்சியுடைய பண்புள்ள தாய்க்கு ஒடுங்கிய பண்புள்ள மகள் பிறந்திருக்கிறாள் என்றால், தாயிடம் இரண்டும் இருந்திருக்கிறது, தகப்பனிடமும் அந்த ஒடுங்கிய பண்பு இருந்திருக்கிறது. மீதிக் கூடுகள் இந்தக் கிழமைக்குள் திறந்துவிடும். தம்பியின் மகன் கொப்பியில் நிரல் போட்டு வைத்திருக்கிறான்.